வீட்டுக் கணினியில் ஒரு விக்கி

விக்கிப்பீடியா இயங்குவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில். அதன் மூல நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. யாரும் காசில்லாமல் இறக்கித் தம் கணினியில் போட்டுக்கொள்ளலாம். ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருப்பவருக்கும், நாட்டு நெல் வகைகளை ஆண்டுக்கணக்கில் பயிரிட்டு விவரம் சேர்த்தவருக்கும், பாடக் குறிப்புகளைக் கூடி எழுத நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இவ்வளவு பொருத்தமான கருவி வேறு அதிகமில்லை. ஒரு பக்கத்தை யார், எப்போது, எப்படி மாற்றினார்கள் என்பதெல்லாம் பதிவாகிறது. தவறாகத் திருத்திவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அது இன்னொரு பக்கத்துக்கு இணைப்பாகிறது. அப்படியொரு பக்கம் இன்னும் எழுதப்படவில்லை என்றால் இணைப்பு சிவப்பாகத் தெரியும். அடுத்து எழுத வேண்டியது எது என்பது தானாகவே பட்டியலாகிவிடும்.

நிறுவ உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும். மீடியாவிக்கி தனித்து இயங்கும் செயலி அல்ல. உலாவி கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுக்க அப்பாச்சி போன்ற ஒரு வலைச் சர்வர் வேண்டும். மீடியாவிக்கி எழுதப்பட்டிருக்கும் மொழி பிஎச்பி. அதை இயக்கும் நிரல், உரிய துணைப்பகுதிகளோடு வேண்டும். பக்கங்களைச் சேமித்து வைக்க மரியாடிபி, மைஎஸ்கியூஎல் போன்ற ஒரு தரவுத்தளம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. அந்த எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். 2024 டிசம்பரில் வெளியான மீடியாவிக்கி 1.43, பிஎச்பி 8.1-க்குக் கீழே ஓடாது. அதே கணினியில் கடைக் கணக்குக்காக முன்பே போட்ட பழைய நிரல் ஒன்று பிஎச்பி 7.4-ஐ நம்பி இருக்கிறது என்று வையுங்கள். விக்கிக்காகப் புதிய பிஎச்பியைப் போட்டால் கடைக் கணக்கு நின்றுவிடும்.

இத்தனை உறுப்புகள் ஏன் வந்தன என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் விக்கியை 1995 மார்ச் 25 அன்று திறந்தார். விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியபோது பயன்பட்டது யூஸ்மாட்விக்கி என்ற எளிய பெர்ல் நிரல். பக்கங்கள் அதில் சாதாரணக் கோப்புகளாக இருந்தன, தரவுத்தளம் கிடையாது. கூட்டம் பெருகியதும் அது திணறியது. ஜெர்மனியில் மாணவராக இருந்த மேக்னஸ் மான்ஸ்கே, பிஎச்பியையும் தரவுத்தளத்தையும் வைத்துப் புதிய நிரல் ஒன்றை எழுத, 2002 ஜனவரியில் விக்கிப்பீடியா அதற்கு மாறியது. அதே ஆண்டு ஜூலையில் லீ டேனியல் குரோக்கர் அதைத் திருத்தி எழுதினார். 2003-இல் அதற்கு மீடியாவிக்கி என்று பெயர் வைத்தார்கள். உலகம் முழுவதும் படிக்கும் ஒரு தளத்துக்காகப் போட்ட அஸ்திவாரம் அது. அதைத்தான் ஒரு வீட்டுக் கணினிக்குள் கொண்டுவரப் பார்க்கிறோம்.

இங்கேதான் கண்டெய்னர் உதவிக்கு வருகிறது. ஒரு நிரலையும், அதற்கு வேண்டிய எல்லா உறுப்புகளையும், சரியான பதிப்புகளோடு ஒரே கட்டாகக் கட்டி, கணினியின் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல் ஓடவிடும் முறை இது. கணினியின் நினைவகம், செயலி, வட்டு ஆகியவற்றை நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் மையப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். பழைய ஊர்களில் ஸ்டோர் வீடு என்று ஒன்று இருக்கும். ஒரே வளாகம், சுற்றிலும் பல குடித்தனம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. தண்ணீருக்கு மட்டும் எல்லோருக்கும் நடுமுற்றத்தில் ஒரே கிணறு. கண்டெய்னர்கள் குடித்தனங்கள், கெர்னல் அந்தக் கிணறு. முன்பே வழக்கத்திலிருந்த மெய்நிகர் எந்திரம் என்ற முறையில் ஒவ்வொரு நிரலுக்கும் கிணறு முதற்கொண்டு தனி வீடே கட்ட வேண்டும். அது தொடங்க நேரமாகும், நினைவகத்தையும் நிறைய விழுங்கும். கண்டெய்னர் சில நொடிகளில் எழுந்துவிடுகிறது, ஏனென்றால் புதிதாக எந்த இயங்குதளமும் தொடங்குவதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் ஒரு நிரலைச் சற்று மறைப்போடு ஓட்டுகிறது, அவ்வளவுதான்.

அந்த மறைப்பு எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. லினக்ஸ் கெர்னலில் பெயர்வெளி என்ற ஏற்பாடு இருக்கிறது. ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கெர்னல் ஒரு வரிசை எண் கொடுக்கும். விக்கியின் கண்டெய்னருக்குள் போய்ப் பார்த்தால் அங்கே ஓடும் அப்பாச்சியின் எண் 1. தனக்கு முன்னால் இந்தக் கணினியில் எதுவுமே தொடங்கவில்லை என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே வந்து பட்டியலைப் பார்த்தால் அதே அப்பாச்சிக்கு எண் 4217 என்பதுபோல் ஏதோ ஒன்று இருக்கும். நிரல் ஒன்றுதான், பார்க்கும் இடத்தைப் பொறுத்து எண் மாறுகிறது. கோப்புகளுக்கும், வலைப்பின்னலுக்கும், பயனர்களுக்கும், கணினியின் பெயருக்கும்கூட இப்படித் தனித்தனிப் பெயர்வெளிகள் உண்டு. கோப்புகளுக்கான முதல் பெயர்வெளி லினக்ஸில் 2002-இல் வந்தது. யார் எவ்வளவு நினைவகத்தையும் செயலி நேரத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று வரம்பு போடும் சிகுரூப் என்ற ஏற்பாட்டைக் கூகுள் பொறியாளர்கள் எழுத, அது 2008-இல் கெர்னலில் சேர்ந்தது. ஒரு நிரலைக் குறிப்பிட்ட கோப்புறைக்குள் அடைத்து வைக்கும் யோசனை இன்னும் பழையது: 1979-இலேயே யூனிக்ஸில் சிஹெச்ரூட் என்ற வசதி இருந்தது. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் அமெரிக்காவில் ஒரு பைத்தான் மாநாட்டில் டாக்கர் என்ற கருவியை முதன்முதலாகக் காட்டியபோது இந்தத் துண்டுகள் பெரும்பாலும் தயாராகவே இருந்தன. அவற்றை ஒன்றுசேர்த்துச் சாதாரண ஆள் இரண்டு கட்டளைகளில் பயன்படுத்தும்படி செய்ததுதான் டாக்கரின் சாதனை. இன்று அதற்கு மாற்றாகப் பாட்மேன் போன்ற கருவிகளும் உண்டு. 2015-இல் வகுக்கத் தொடங்கிய பொதுத் தரத்தை இவை பின்பற்றுவதால் ஒன்றுக்காகக் கட்டியதை மற்றொன்றில் ஓட்டலாம்.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது விண்டோஸ்தானே, லினக்ஸ் கெர்னலுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். டாக்கர் டெஸ்க்டாப்பை விண்டோஸில் நிறுவினால் அது டபிள்யூஎஸ்எல் 2 என்ற மைக்ரோசாஃப்டின் ஏற்பாட்டைப் பயன்படுத்தி, உண்மையான லினக்ஸ் கெர்னல் ஒன்றைப் பின்னால் ஓட்டுகிறது. மேக் கணினியிலும் இதே கதைதான். தனிப்பட்ட பயனுக்கு டாக்கர் டெஸ்க்டாப் இலவசம். லினக்ஸ் கணினி என்றால் இந்த இடைத்தரகு எதுவும் வேண்டியதில்லை.

கண்டெய்னராக ஓடுவதற்கு முன்பு அது இமேஜ் என்ற வடிவில் இருக்கும். படம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். நிரலும் அதன் உறுப்புகளும் அடங்கிய உறைந்த தொகுப்பு அது. மீடியாவிக்கியின் அதிகாரப்பூர்வ இமேஜை டாக்கர் ஹப் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து இறக்கும்போது அது ஒரே கோப்பாக வராமல் பல அடுக்குகளாக வரும். அடியில் டெபியன் லினக்ஸின் கோப்புகள், அதன்மேல் பிஎச்பியும் அப்பாச்சியும், அதற்கும் மேல் துணைப்பகுதிகள், உச்சியில் மீடியாவிக்கி. ஒவ்வோர் அடுக்குக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஓர் அடையாளம் உண்டு; பதினாறு குறிகளைக் கொண்ட எண்முறையில் 64 இலக்கம். உள்ளே ஒரே ஒரு பைட் மாறினாலும் அடையாளம் முற்றிலும் மாறிவிடும். அதனால் இறங்கி வந்தது வழியில் சிதைந்ததா என்று உடனே தெரிந்துவிடுகிறது. வேறொரு நிரலும் அதே டெபியன் அடுக்கின்மேல் கட்டப்பட்டிருந்தால் அந்த அடுக்கை மறுபடி இறக்க வேண்டியதில்லை.

மரியாடிபியின் இமேஜோ உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின்மேல் கட்டப்பட்டது. எனவே உங்கள் விண்டோஸ் மடிக்கணினியில், டெபியனுக்குள் இருக்கும் ஒரு விக்கி, உபுண்டுவுக்குள் இருக்கும் ஒரு தரவுத்தளத்தோடு பேசிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் அடியில் ஒரே கெர்னல். இருபது ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்ய மூன்று கணினிகளை எடுத்து வைத்திருப்பார்கள்.

இந்த அடுக்குகளில் எதையும் மாற்ற முடியாது. படிக்க மட்டும்தான் முடியும். கண்டெய்னர் தொடங்கும்போது டாக்கர் அவற்றின்மேல் வெற்று அடுக்கு ஒன்றை வைக்கிறது. எழுதுவதெல்லாம் அதில்தான். கீழே இருக்கும் கோப்பைத் திருத்தப் போனால் அதன் முழு நகல் மேலே வந்து, நகலில் திருத்தம் நடக்கிறது. கீழே இருக்கும் கோப்பை அழித்தால் அது உண்மையில் அழிவதில்லை. "இது இல்லை" என்று ஒரு குறி மேலடுக்கில் வைக்கப்படுகிறது. லினக்ஸில் ஓவர்லேஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இந்த வேலையைச் செய்கிறது. இதன் விளைவு முக்கியமானது. கண்டெய்னரை நீக்கினால் அந்த மேலடுக்கு போய்விடும். மறுபடி தொடங்கினால் அச்சு அசல் புதிய கண்டெய்னர் வரும். உள்ளே எதையாவது கிளறிக் கெடுத்துவிட்டோம் என்ற பயமே வேண்டியதில்லை, தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் நீங்கள் எழுதிய பக்கங்கள்? அவையும் அந்த மேலடுக்கில் இருந்தால் அவையும் போய்விடும். கண்டெய்னரில் விக்கி நிறுவும் வேலையின் சாரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது என்பேன்: எது போனால் திரும்ப வரும், எது போனால் போனதுதான்? மீடியாவிக்கி நிரல், பிஎச்பி, அப்பாச்சி, மரியாடிபி எல்லாம் போனால் இணையத்திலிருந்து சில நிமிடங்களில் திரும்ப வரும். போனால் வராதவை மூன்று. பக்கங்களும் அவற்றின் வரலாறும் அடங்கிய தரவுத்தளக் கோப்புகள் ஒன்று. பதிவேற்றிய படங்கள் இரண்டாவது. மீடியாவிக்கி படத்தின் பெயரையும் விவரத்தையும் மட்டுமே தரவுத்தளத்தில் வைக்கிறது, படக் கோப்பு தனிக் கோப்புறையில் இருக்கிறது. மூன்றாவது, லோக்கல்செட்டிங்ஸ் என்ற அமைப்புக் கோப்பு. இந்த மூன்றையும் கண்டெய்னருக்கு வெளியே, வால்யூம் என்று டாக்கர் சொல்லும் நிலையான சேமிப்பிடத்திலோ உங்கள் சொந்தக் கோப்புறையிலோ வைத்து, கண்டெய்னருக்குள் வழி திறந்துவிட வேண்டும்.

இதையெல்லாம் கட்டளையாகத் தட்டிக்கொண்டிருக்காமல் கம்போஸ் கோப்பு என்ற ஒரு சிறு கோப்பில் எழுதி வைப்பதே வழக்கம். யாம்ல் என்ற எழுத்துமுறையில் இருக்கும். இடதுபக்க வெற்றிடம் பொருளுள்ளது, அதற்கு டேப் விசையைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு சேவைகள்: ஒன்று விக்கி, மற்றது தரவுத்தளம். எந்த இமேஜ், எந்தப் பதிப்பு, எந்த வால்யூம், எந்தப் போர்ட் (வலைத் தொடர்புக்கான கதவு எண்) என்று இருபது வரிக்குள் எழுதிவிடலாம். பிறகு ஒரே கட்டளையில் இரண்டும் எழும். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட், 8080 என்று கொடுத்தால் மீடியாவிக்கியின் நிறுவல் பக்கம் திறக்கும்.

புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தரவுத்தளம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் கட்டத்தில் "லோக்கல்ஹோஸ்ட்" என்று முன்பே நிரப்பியிருக்கும். எல்லாம் ஒரே கணினியில்தானே இருக்கிறது, சரிதான் என்று அடுத்த பக்கத்துக்குப் போனால், தொடர்புகொள்ள முடியவில்லை என்று பிழை வரும். லோக்கல்ஹோஸ்ட் என்றால் "இதே இடம்". உலாவியிலிருந்து சொன்னால் அது உங்கள் கணினி. விக்கியின் கண்டெய்னருக்குள்ளிருந்து சொன்னால் அது அந்தக் கண்டெய்னர் மட்டும். வலைப்பின்னலுக்கும் தனிப் பெயர்வெளி உண்டு என்று சொன்னேனே, அதனால். அங்கே மரியாடிபி இல்லை. கம்போஸ் கோப்பில் தரவுத்தளச் சேவைக்கு என்ன பெயர் வைத்தீர்களோ அந்தப் பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். டாக்கர் தன் கண்டெய்னர்களுக்காக 127.0.0.11 என்ற முகவரியில் சிறிய பெயர்ச் சேவை ஒன்றை நடத்துகிறது. சேவையின் பெயரைக் கேட்டால் உரிய கண்டெய்னரின் முகவரியை அது சொல்லிவிடும்.

இதே விஷயம் பிறகு கைபேசியில் இன்னொரு முகம் காட்டும். வீட்டு வைஃபையில் இருக்கும் கைபேசியிலிருந்து கணினியின் முகவரியைக் கொடுத்து விக்கியைத் திறந்தால், லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரிக்குத் தாவிப் பிழையில் முடியும். நிறுவும்போது விக்கி தன் முகவரி லோக்கல்ஹோஸ்ட் என்று அமைப்புக் கோப்பில் எழுதிக்கொண்டது. கைபேசிக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கைபேசி. அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரியைக் கணினியின் வைஃபை முகவரியாக மாற்றினால் சரியாகிவிடும்.

அமைப்புக் கோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறுவல் முடிந்ததும் மீடியாவிக்கி அதை உருவாக்கி, உலாவி வழியாக உங்கள் கையில் கொடுக்கிறது. அதை எடுத்துக் கம்போஸ் கோப்பின் பக்கத்தில் வைத்து, கண்டெய்னருக்குள் தெரியும்படி ஒரு வரி சேர்த்து, மறுபடி தொடங்க வேண்டும். அந்த வரியை முதலிலேயே சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? கோப்பு இன்னும் பிறக்கவில்லை. இல்லாத ஒன்றை உள்ளே காட்டச் சொன்னால் டாக்கர் அதே பெயரில் வெற்றுக் கோப்புறை ஒன்றை உருவாக்கிவிடும். கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் கோப்புறை. பிறகு வரும் பிழைச் செய்தியைப் படித்து இதைக் கண்டுபிடிப்பது சிரமம். டாக்கர் ஹப்பில் உள்ள மாதிரிக் கம்போஸ் கோப்பில் அந்த வரி செயல்படாத குறிப்பாக விடப்பட்டிருப்பது இதனால்தான்.

இன்னொரு புதிரும் உண்டு. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைக் கம்போஸ் கோப்பில் எழுதியிருப்பீர்கள். சில நாள் கழித்து அதை மாற்றிவிட்டு மறுபடி தொடங்கினால் புதிய கடவுச்சொல் வேலை செய்யாது, பழையதுதான் வேலை செய்யும். மரியாடிபியின் இமேஜ், வால்யூம் காலியாக இருக்கும் முதல் முறை மட்டுமே அந்த வரியைப் பார்க்கிறது. பயனரும் கடவுச்சொல்லும் அப்போதே தரவுத்தளத்துக்குள் எழுதப்பட்டு வால்யூமில் சேர்ந்துவிட்டன. கண்டெய்னர் புதிது, வால்யூம் பழையது. எது நிலைக்கிறது, எது நிலைப்பதில்லை என்ற கோட்டை மனத்தில் வைத்திருந்தால் இந்தப் புதிர் தானே அவிழும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஓர் எழுத்து. கண்டெய்னர்களை நிறுத்தி நீக்க "டாக்கர் கம்போஸ் டவுன்" என்று தட்டுவோம். பெயரிட்ட வால்யூம்கள் பத்திரமாக இருக்கும். அதன் பின்னால் ஒரு சிறு கோடும் "வி" என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால் வால்யூம்களும் சேர்ந்து அழியும். உறுதிதானா என்று கேட்பதில்லை, குப்பைத் தொட்டி கிடையாது. சோதனை செய்து பார்ப்பவர்கள் சுத்தமாகத் தொடங்க இதைப் பயன்படுத்துவார்கள். எங்கோ படித்ததை அப்படியே தட்டும் பழக்கம் இருப்பவர்கள் இந்தக் கட்டளையில் மட்டும் நின்று யோசிக்க வேண்டும். விண்டோஸில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வால்யூம்கள் உங்கள் ஆவணக் கோப்புறையில் இல்லை, லினக்ஸுக்காக ஒதுக்கிய மெய்நிகர் வட்டுக் கோப்புக்குள் இருக்கின்றன. டாக்கர் டெஸ்க்டாப்பை ஆரம்ப நிலைக்கு மீட்டமைத்தால் அவையும் போய்விடும்.

பாதுகாப்பில் இரண்டு எச்சரிக்கை போதும். போர்ட் எண்ணை மட்டும் எழுதினால் டாக்கர் அதைக் கணினியின் எல்லா வலை முகவரிகளிலும் திறந்துவிடும். லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ என்ற தடுப்பரண் நிரல் போட்ட தடுப்பையும் அது தாண்டிப் போகும். விக்கி உங்களுக்கு மட்டும்தான் என்றால் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்து எழுதுங்கள். மற்றது, தொடக்க நிலையில் மீடியாவிக்கியில் யாரும் கணக்குத் தொடங்கலாம், யாரும் திருத்தலாம்; அது விக்கிப்பீடியாவின் இயல்பு. அமைப்புக் கோப்பில் அதை மூடலாம். ஆனால் இந்தப் பக்கத்தை இவர் மட்டும் படிக்கலாம் என்று பிரித்துப் பூட்ட மீடியாவிக்கி வடிவமைக்கப்படவில்லை. வங்கி விவரத்தையும் கடவுச்சொற்களையும் அதில் வைக்காதீர்கள்.

தமிழில் எழுதப் போகிறவர்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. நிறுவும்போது மொழியாகத் தமிழைத் தேர்ந்தால் "தொகு", "அண்மைய மாற்றங்கள்" என்று எல்லாம் தமிழிலேயே வரும். 2003-இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு நிற்கும் தமிழ் விக்கிப்பீடியாவுக்காகத் தன்னார்வலர்கள் செய்த மொழிபெயர்ப்பின் பலன் உங்கள் வீட்டு விக்கிக்கும் கிடைக்கிறது. இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். முதலாவது அகரவரிசை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் எண் வரிசை நம் நெடுங்கணக்கைப் பின்பற்றவில்லை; அங்கே ன, ந-வுக்கு அடுத்து நிற்கிறது, ற, ர-வுக்கு அடுத்து நிற்கிறது, வ, ழ-வுக்குப் பின்னால் போகிறது. ஒரே வகையைச் சேர்ந்த பக்கங்களைப் பட்டியலிடும் வகைப் பக்கங்கள் அந்த எண் வரிசையில் அடுக்கப்பட்டால் பார்க்கிறவருக்கு ஏதோ கலைந்ததுபோல் இருக்கும். அமைப்புக் கோப்பில் வகை வரிசைக்குத் தமிழ் முறையைத் தேர்ந்து, ஏற்கெனவே பக்கங்கள் இருந்தால் அவற்றை மறுவரிசைப்படுத்தும் பராமரிப்பு நிரலையும் ஒருமுறை ஓட்ட வேண்டும். அதற்கு வேண்டிய துணைப்பகுதி அதிகாரப்பூர்வ இமேஜில் முன்பே இருக்கிறது.

இரண்டாவது தேடல். மீடியாவிக்கியோடு வரும் சாதாரணத் தேடல் முழுச் சொல்லைத்தான் பார்க்கும். "மரம்" என்று தேடினால் "மரத்தில்", "மரங்கள்" அகப்படாது. "மர" என்று எழுதி இறுதியில் நட்சத்திரக் குறி போட்டால் மூன்றும் அகப்படும். வேற்றுமை உருபு ஏறி ஏறி உருமாறும் நம் மொழிக்கு இது ஓரளவே போதும். ஆனாலும் வீட்டு விக்கிக்குப் போதும்.

இவ்வளவும் உங்களுக்குத் தேவையா என்பதையும் யோசியுங்கள். ஒருவர் மட்டும் எழுதும் நாட்குறிப்பு என்றால் ஜெரமி ரஸ்டன் 2004-இல் உருவாக்கிய டிட்லிவிக்கி போதும். அது ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம், கண்டெய்னரே வேண்டாம். ஆண்ட்ரியாஸ் கோர் அதே ஆண்டில் எழுதிய டோக்குவிக்கி, பக்கங்களைச் சாதாரண உரைக் கோப்புகளாகவே வைக்கிறது. தரவுத்தளம் இல்லாததால் ஒரு கண்டெய்னர் போதும், கோப்புறையை நகலெடுத்தாலே காப்பு நகல் ஆகிவிடும். சில நூறு பக்கங்கள், நான்கைந்து பேர் என்றால் என் சிபாரிசு டோக்குவிக்கிதான். பக்கங்கள் ஆயிரக்கணக்கில் போகும், பல பக்கங்களில் மறுபடி பயன்படுத்தும் வார்ப்புருக்களும் வகைகளும் விரிவாக வேண்டும், நாளை விக்கிப்பீடியாவுக்கே சில கட்டுரைகளைக் கொடுக்கலாம் என்றால் மீடியாவிக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பழகிய எழுத்துமுறை அங்கேயும் அப்படியே செல்லும்.

பதிப்பு எண்ணை எப்போதும் எழுதுங்கள். "லேட்டஸ்ட்" என்று விட்டால் அடுத்த முறை இமேஜை இறக்கும்போது எந்தப் பதிப்பு வரும் என்பது உங்கள் கையில் இல்லை. மீடியாவிக்கியில் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு மூன்றாண்டு பாதுகாப்புத் திருத்தம் வரும், 1.43 அத்தகையது. பதிப்பை உயர்த்த, எண்ணை மாற்றி, புதிய இமேஜை இறக்கி, தரவுத்தளத்தைப் புதிய அமைப்புக்கு மாற்றும் நிரலை ஓட்ட வேண்டும். நிரலைப் பழைய பதிப்புக்கு ஒரு நொடியில் திருப்பலாம். ஒருமுறை உருமாறிய தரவுத்தளத்தை அப்படித் திருப்ப முடியாது. ஆகவே உயர்த்துவதற்கு முன் காப்பு நகல் கட்டாயம்.

காப்பு நகல் என்றால் வால்யூமின் கோப்புகளை ஓடும்போதே அள்ளிக்கொள்வது அல்ல. தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கும். மரியாடிபியோடு வரும் டம்ப் கருவி, முழுத் தரவையும் முரணில்லாத ஓர் உரைக் கோப்பாக எடுத்துக் கொடுக்கும். விண்டோஸில் அதன் வெளியீட்டை அம்புக்குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பாதீர்கள். விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல் 5.1 என்ற கட்டளைச் சாளரம், வழியில் எழுத்துக் குறியாக்கத்தை மாற்றிவிடும். ஆங்கிலம் தப்பினாலும் தமிழ் சிதைந்துவிடும். கோப்பைக் கண்டெய்னருக்குள்ளேயே எழுதவைத்து, பிறகு டாக்கரின் நகல் கட்டளையால் வெளியே எடுங்கள். அதோடு படக் கோப்புறையையும் அமைப்புக் கோப்பையும் சேர்த்து வேறொரு வட்டில் வையுங்கள்.

எழுத வேண்டியதை எழுதத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இரண்டு மூன்று பக்கம் தமிழில் எழுதி, ஒரு படத்தைப் பதிவேற்றி, காப்பு நகல் எடுங்கள். பிறகு மேலே எச்சரித்த அந்தக் கட்டளையைத் துணிந்து தட்டி, வால்யூம் உட்பட எல்லாவற்றையும் அழித்துவிட்டு, காப்பு நகலிலிருந்து மீட்டுப் பாருங்கள். எழுத்தும் படமும் திருத்த வரலாறும் முழுதாகத் திரும்பி வந்தால்தான் அந்த நகல் நம்பத்தக்கது. வராவிட்டால் எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே உண்மையான பக்கங்களை அதில் எழுதுங்கள்.